ஜன்னலோரக் கட்டிலின் பாடு

போன வாரம் நம் குழந்தைகள் வார்டில் புதிதாக நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் எனக்குப் போன் செய்தாள். பேரைச் சொல்லமாட்டேன், பயப்படாதே அம்மா. "மேடம், ரத்த நாள்ல இந்தப் பிள்ளைங்க ஊசிக்குக் கையை நீட்டவே மாட்டேங்குதுங்க. முதல்ல யாருக்கோ போன் போட்டு, ஸ்பீக்கர்ல வெச்சு, 'கீறியா?'ன்னு கேக்குதுங்க. அந்தப் பக்கம் ஏதோ ஒரு கிழவி 'கீறேன்'னு சொன்னாத்தான் ஜன்னலோரக் கட்டில்ல ஒருத்தன் ஏறுறான். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்குது மேடம். யார் அந்தக் கிழவி?" என்றாள்.

"அந்தக் கிழவி நான்தான்டி" என்றேன்.

கிழவியாம்! ரிட்டயர் ஆகி இன்னும் தலைக்கு மை போடுவதைக்கூட நான் விடவில்லை. போகட்டும். அவள் கேட்டதற்குப் போனில் பதில் சொல்ல முடியாது. அதனால் உங்கள் எல்லாருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன். ரத்தப் பையை எப்படிச் சரிபார்ப்பது, ஊசியை எந்தக் கோணத்தில் ஏற்றுவது என்பதெல்லாம் உங்களுக்குப் படிப்பில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதை நான் திரும்பச் சொல்லப்போவதில்லை. படிப்பில் சொல்லித்தராத ஒன்று அந்த வார்டில் இருக்கிறது. அதோடு பழகத் தெரியாவிட்டால் உங்களால் அங்கே வேலை செய்யவே முடியாது.

தலசீமியா பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். உடம்பு தானாக நல்ல ரத்தம் ஊறவைக்காது. சில வாரத்துக்கு ஒரு தடவை வந்து, அடுத்தவர் ரத்தத்தை ஏற்றிக்கொண்டு போனால்தான் அடுத்த சில வாரம் ஓடும். பிறந்த சில மாதத்தில் ஆரம்பிக்கும் இந்த நடை நிற்பதே இல்லை. இப்படித் திரும்பத் திரும்ப வரும் பிள்ளை முதல் தடவை அழும். இரண்டாம் தடவை வார்டையே இரண்டாக்கும். கொஞ்ச நாளில் அழுகை நின்றுவிடும். அப்பாடா, பழகிவிட்டது என்று நாம் நினைப்போம். பழகவெல்லாம் இல்லை. அழுகைக்குப் பதிலாக அது தனக்குள் ஏதோ ஒன்றைக் கட்டி, அதன்மேல் ஏறி நின்றுகொண்டிருக்கிறது. அது என்ன என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலையில் பாதி.

இர்பான் என்று ஒரு பையன் இருந்தான். தன் கை நரம்புகளுக்கெல்லாம் தெருப் பெயர் வைத்திருந்தான். "இன்னிக்கு ஸ்டேஷன் ரோட்ல போ சிஸ்டர், மார்க்கெட் ரோடு நோண்டிப் போட்டு வெச்சிருக்காங்க" என்பான். சிரிப்பு வரும். ஆனால் அவன் சொன்ன ரோட்டை விட்டு வேறு நரம்பில் குத்தினால் அன்றைக்கு முழுக்க முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வான். தன் உடம்பில் எந்த இடத்தில் குத்துவது என்பதையாவது தான் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு.

நான் சொல்ல வந்தது பவானியைப் பற்றி. லைட்ஹவுஸ் குப்பத்தைத் தாண்டி பழவேற்காட்டு ஏரியை ஒட்டி இருக்கும் ஒரு சின்னக் குப்பத்துப் பெண். பத்து வயசு இருக்கும். கறுப்பாக, ஒடிசலாக, கண் மட்டும் முகத்தை விடப் பெரிசு. அவளுடைய அப்பா ஏரியில் வலை போடுகிறவர், அம்மா கருவாடு விற்கிறவள். வார்டில் எல்லாரையும் நீ, வா, போ என்றுதான் பேசுவாள். பெரிய டாக்டரையே "நீ எப்ப வந்த?" என்று கேட்டவள்.

அப்போது ரத்த நாள் என்றாலே ஜன்னலோரக் கட்டிலுக்கு அடிதடி. மின்விசிறி நேராக அதன்மேல்தான் சுற்றும். ஜன்னலுக்கு வெளியே புங்க மரம், அதில் அணில். காலையில் யார் முதலில் ஓடிவந்து ஏறுகிறார்களோ அவர்களுக்கு என்பதால், பிள்ளைகளை விடப் பெற்றவர்கள்தான் அதிகம் சண்டை போட்டார்கள். ஒருநாள் பவானி நடுவில் வந்து நின்று, "இதுக்கு இன்னாத்துக்கு அடிச்சிக்கிறீங்க? பாடு வெச்சிக்கலாம்" என்றாள்.

ஏரியில் மீன் நன்றாகக் கிடைக்கும் இடங்கள் சிலதுதான். எல்லாரும் அங்கேயே வலை போட்டால் வெட்டுக்குத்தில் முடியும். அதனால் முறை வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு இந்த இடம் உனக்கு, அடுத்த முறை எனக்கு, அதற்கடுத்து அவனுக்கு. அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். அதைத்தான் இந்தப் பெண் அப்படியே கட்டிலுக்குக் கொண்டுவந்துவிட்டாள். ஒவ்வொரு ரத்த நாளிலும் ஒருவருக்கு ஜன்னலோரம். காலையில் அவள் வாசலில் நின்று ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டு "கீறியா?" என்பாள். இருக்கிறாயா என்று அர்த்தம். பிள்ளை "கீறேன்" என்று சொன்னதும் யாருக்கு எந்தக் கட்டில் என்று கைகாட்டுவாள். அதன் பிறகு சண்டையே இல்லை. "இன்னிக்கு என் பாடு" என்று குதித்துக்கொண்டு வந்த பிள்ளைகளை நானே பார்த்தேன். ஊசிக்குப் போகிறோம் என்பதே மறந்துபோனது அவர்களுக்கு. எனக்கு அவளைத் தூக்கிக் கொஞ்ச வேண்டும்போல் இருந்தது, கொஞ்சினேன்.

இந்தப் பாடு முறையில் ஸ்டெல்லா என்று ஒரு பெண்ணும் இருந்தாள். பழவேற்காட்டுப் பக்கம், அப்பா கொத்தனார். பவானிக்கு உயிர்த்தோழி. அவளுக்கு ஒரு வழக்கம். தன் முறை வரும்போது ஜன்னல் பக்கமாக ஒடுங்கிப் படுத்து, வெளிப்பக்கத்தில் பாதிக் கட்டிலைக் காலியாக வைப்பாள். அன்றைக்குப் புதிதாக வந்து அழுகிற பிள்ளை எதுவோ, அதைக் கூப்பிட்டுப் பக்கத்தில் படுக்கவைத்துக்கொள்வாள். "ஒண்ணும் இல்ல, எறும்பு கடிக்கிற மாதிரிதான்" என்று காதில் சொல்வாள். எத்தனை பிள்ளைகளை அப்படி அடக்கினாளோ.

ஒரு ரத்த நாளில் அவள் காய்ச்சலோடு வந்தாள். வீட்டிலேயே முந்தின நாளிலிருந்து காய்ச்சலாம். இத்தனை வருட ரத்தம் அவள் இதயத்தில் இரும்பைப் படியவைத்து ஏற்கெனவே களைக்கவைத்திருந்தது. மதியத்துக்குள் நிலைமை கை மீறிப்போய்விட்டது. நாங்கள் செய்யாதது ஒன்றுமில்லை. அன்றைக்கு அவள் பாடு. அந்த ஜன்னலோரக் கட்டிலில்தான் போனாள். திரை கட்டியிருந்தோம். திரைக்கு இந்தப் பக்கம் ரத்தம் ஏறிக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தன.

அடுத்த ரத்த நாள். பவானி வழக்கம்போல வாசலில் நின்று பேர் கூப்பிட்டாள். இர்பான் "கீறேன்" என்றான். இன்னொரு பெண் "கீறேன்" என்றாள். அப்புறம் பவானி, குரலில் ஒரு மாற்றமும் இல்லாமல், "ஸ்டெல்லா, கீறியா?" என்றாள்.

பிள்ளைகள் எல்லாம் ஜன்னலோரக் கட்டிலைத் திரும்பிப் பார்த்தன. ஒரு பதில் வருவதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம் எல்லாரும் பேசாமல் இருந்தார்கள். பிறகு பவானி தலையாட்டி "சரி" என்று அடுத்த பேருக்குப் போனாள்.

"இன்னாடி சரி?" என்று கேட்டேன்.

"அவ கீறேன்னு சொல்லிட்டா, சிஸ்டரம்மா" என்றாள். "அவ பாடு பாதியிலயே போய்ட்டா இல்ல? ஒரு சுத்து அவளுக்கு வுட்டுடணும். எங்க ஏரியிலயும் அப்டித்தான். பாட்டுல இருக்கசொல்லோ யாராச்சும் செத்துட்டா, அந்த எடத்துல ஒரு சுத்து யாரும் வலை போட மாட்டாங்க."

துக்கம் கொண்டாடுகிறார்கள், கொண்டாடட்டும் என்று விட்டுவிட்டேன். பெரியவர்களான நாம் காரியம், கருமாதி என்று செய்வதில்லையா. இந்தப் பிள்ளைகளுக்கு அவள் அடக்கத்துக்குப் போகக்கூடக் கொடுத்துவைக்கவில்லை.

ஆனால் அந்தச் சுற்று முடிவதற்குள் மழைக்காலம் வந்தது. காய்ச்சல் பிள்ளைகளால் வார்டு நிறைந்து, ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர். அப்போது தருண் என்று ஒரு பொடியன், பேச்சே மழலை மாறாதவன், முதல் தடவையாக ரத்தத்துக்கு வந்தான். நான் அவனைத் தூக்கி ஜன்னலோரக் கட்டிலில் போட்டேன்.

பவானி ஓடிவந்து என் புடவையைப் பிடித்தாள். "வேணாம் சிஸ்டரம்மா. அங்க ஆளு கீது."

"கம்முனு போய்ப் படு. கட்டில் இல்லாம பிள்ளையைத் தரையிலயா போடுவேன்?" என்று அதட்டினேன். அதட்டியதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அன்றைக்கு இன்னொரு கட்டில் இருந்திருந்தால் அதைக் கொடுத்திருப்பேன், இல்லை.

ரத்தம் ஏற ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் தருணுக்குக் குளிர் நடுக்கம். பல் கிடுகிடுவென்று அடிக்கிறது, உடம்பு கொதிக்கிறது. ரத்தத்தை உடனே நிறுத்தி, செய்ய வேண்டியதைச் செய்தோம். சிலருக்கு இப்படி ஆவதுண்டு, நீங்களும் பார்ப்பீர்கள். சாயங்காலத்துக்குள் தெளிந்து பிஸ்கட் கேட்டான். நான் பிஸ்கட்டைக் கொடுத்து, "பயந்துட்டியாடா?" என்றேன்.

"இல்ல. அந்த அக்கா தள்ளிப் படுத்து எடம் குட்த்துச்சு" என்றான்.

"எந்த அக்கா?"

அவன் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினான்.

அவன் ஸ்டெல்லாவைப் பார்த்ததே இல்லை. மற்றப் பிள்ளைகள் பேசியதைக் கேட்டிருப்பான், காய்ச்சலில் உளறியிருப்பான். நான் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டே அந்த மெத்தையின் ஜன்னல் பக்கத்தை நான் பார்க்காமல் விலகி வந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அப்போது வார்டில் ஒரு இளம் டாக்டர் இருந்தார். தங்கமான பிள்ளை, எதையும் நேராகத் தீர்க்க வேண்டும் அவருக்கு. "பிரச்சினை அந்தக் கட்டில்தானே சிஸ்டர்? எடுத்துடலாம்" என்றார். ஆளை வரவழைத்துக் கட்டிலைத் தூக்கி ஸ்டோருக்கு அனுப்பிவிட்டார். ஜன்னலுக்குக் கீழே வெறும் தரை. கட்டில் கால் இருந்த இடங்களில் நாலு கறுப்பு வட்டம் மட்டும்.

அதன் பிறகுதான் நிலைமை மோசமானது. பிள்ளைகள் யாரும் அந்தத் தரையை மிதிக்கவில்லை. ஜன்னலுக்குப் போக வேண்டுமென்றால் அங்கே கட்டில் இருப்பதுபோலவே சுற்றிக்கொண்டு போனார்கள். பந்து உருண்டு அங்கே போனால் எடுக்கமாட்டார்கள். சில நாளில் தாய்மாரும் சுற்றிப் போனார்கள், சாப்பாட்டு வண்டி தள்ளுகிறவரும் சுற்றிப் போனார். ஒருநாள் டாக்டர் என்னைப் பார்த்து, "சிஸ்டர், நீங்களுமா?" என்றார். திரும்பிப் பார்த்தேன். கையில் மருந்துத் தட்டோடு நான் அந்த வெற்றிடத்தைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தேன். எனக்கே தெரியவில்லை. அன்றைக்கு எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

புதுப் பிள்ளைகளே, இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளை பயத்தை ஒரு பொருள்மேல் இறக்கி வைத்திருந்தால், அந்தப் பொருளைப் பிடுங்காதீர்கள். பயம் பொருளோடு போகாது. உட்கார இடம் இல்லாமல் அலைய ஆரம்பிக்கும்.

அடுத்த ரத்த நாளில் ஸ்டெல்லாவுக்கு விட்ட சுற்று முடிந்தது. அடுத்த பாடு யாருக்கு என்று நான் யோசித்திருக்கவே இல்லை. பவானி வரவில்லை. அவள் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"வரமாட்டேன்றா சிஸ்டர். அட்ச்சும் பாத்துட்டேன், கெஞ்சியும் பாத்துட்டேன். தூக்கி ஆட்டோல போட்டா குதிச்சிட்டா. முட்டியெல்லாம் பேத்துக்கினு உக்காந்துனு கீறா. எனக்குப் பயமா கீது சிஸ்டர்."

போனை வைத்ததும் இர்பான் சொன்னான். "இன்னிக்கு பவானி பாடு சிஸ்டர். அங்க மொதல்ல யாரு போறாங்களோ அவங்கள ஸ்டெல்லா துணைக்குக் கூப்ட்டுக்கும்னு சொல்லிக்கினே இருந்தா."

அதை அவன் ஸ்டேஷன் ரோடு, மார்க்கெட் ரோடு என்கிற அதே குரலில்தான் சொன்னான். மழைக்காலக் கூட்டத்தில் பவானிக்கு ஏற்கெனவே ரத்தம் ஏற்ற வேண்டிய நாள் தள்ளிப்போயிருந்தது. இன்னும் தள்ளினால் அவள் இதயமும் ஸ்டெல்லாவுடையதைப் போல ஒருநாள் நின்றுவிடும். அவளைக் கட்டிலோ ஸ்டெல்லாவோ கொல்லப்போவதில்லை. அவள் நம்பிக்கையே கொன்றுவிடும்.

மறுநாள் எனக்கு ஓய்வு நாள். பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்கு பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. நான் போய் இறங்கியபோது உச்சி வெயில். ஆண்கள் கரையேறி வீட்டுக்குள் படுத்துவிட்ட நேரம், பெண்கள் மீன் விற்கப் போய்விட்ட நேரம். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. ஏரி துளி அசையாமல் கிடந்தது. தண்ணீருக்கும் வானத்துக்கும் நடுவில் கோடே தெரியவில்லை. எங்கோ தூரத்தில் ஒரு ஆள் இடுப்பளவு தண்ணீரில் நின்றார். நான் நடந்து முடிக்கும்வரை அவர் அசையவே இல்லை.

பவானி வீட்டு வாசலில் மணலில் உட்கார்ந்திருந்தாள். முதுகு எனக்குத் தெரிந்தது. நான் பேசுவதற்கு முன்னால், திரும்பாமலே, "சிஸ்டரம்மா, கீறியா?" என்றாள்.

அந்த வெயிலிலும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. "கீறேன்டி" என்றேன். அப்புறம்தான் திரும்பினாள். உதடு காகிதம்போல வெளுத்திருந்தது. கழுத்து நரம்பு துடிப்பது எட்ட நின்ற எனக்கே தெரிந்தது. மணலில் வார்டையே போட்டு வைத்திருந்தாள். ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு கிளிஞ்சல். ஜன்னல் இருக்கும் மூலையில் மட்டும் கிளிஞ்சல் இல்லை, யாரோ படுத்து எழுந்த மாதிரி மணல் நீளமாக அழுந்தியிருந்தது. காற்றில் மணல் வந்து அதை மூட மூட, அவள் விரலால் தள்ளிக்கொண்டே இருந்தாள்.

எனக்கு வாய் துடித்தது. பேய் இல்லை, பிசாசு இல்லை, எழுந்து வாடி என்று ஒரு அதட்டு அதட்டித் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம். என் உடம்புக்கு அவள் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் இந்தத் தடவை தூக்கிவந்தால் அடுத்த தடவை? அதற்கடுத்த தடவை? அவள் காலமெல்லாம் தானாக நடந்து வர வேண்டிய இடம் அது. நான் மணலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் அப்பா சத்தம் கேட்டு எழுந்து வந்து கதவருகில் நின்றார்.

"உங்க ஊர்ல பாட்டுல ஒருத்தர் செத்தா ஒரு சுத்து விடுவீங்களாமே. விட்டப்புறம் அங்க முதல்ல யார் போவாங்க?" என்று அவரைக் கேட்டேன்.

"அட்த்த முறைக்காரன் போமாட்டான் சிஸ்டர்" என்றார். "பயம்தானே. வயசாளி யாராச்சும் முன்னுக்கு வருவாரு. புள்ள குட்டிய கரை சேத்துட்டு, இனிமே எனக்கு இன்னா கீதுன்னு கீறவரு. அவரு போய் ஒருநா அங்க வலைய வுட்டுக்கினு உக்காந்திருந்துட்டு வருவாரு. அப்பால எல்லாரும் போலாம். ஆனா ஒண்ணு, அந்த எடத்துப் பாடு வர்றப்பல்லாம், வலைய எறக்கறதுக்கு முன்ன அவரைக் கூப்புடணும்."

"கூப்பிட்டு?"

அவர் சொல்லவில்லை. தெருவின் கடைசியைப் பார்த்துக் கையைக் குவித்து, "சின்னய்யா! கீறியா?" என்று கத்தினார்.

வெறிச்சோடிக் கிடந்த தெருவில் எந்த வீட்டிலிருந்தோ, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல, ஒரு குரல் வந்தது. "கீறேன்."

"அவ்ளோதான்" என்றார். "அவரு கீறவரைக்கும் அந்த எடம் யாரையும் ஒண்ணும் பண்ணாது."

பக்கத்துக் குப்பத்தில் இதைச் சொன்னால் சிரிப்பார்களாம். இவர்கள் ஊரோடு சரி. நான் பவானியைப் பார்த்தேன். அவள் விரல் மணலில் அப்படியே நின்றிருந்தது. கண் இன்னும் பெரிதாகியிருந்தது.

"எனக்கு யாரும் சொல்லவே இல்லியே நைனா" என்றாள்.

"இதப் போய் புள்ளைங்களுக்கு யாரு சொல்லுவா?" என்றார் அவர்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்தப் பெண் ஊர் வழக்கத்தில் பாதியைத்தான் வார்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். பயப்படுகிற பாதி. பயத்தைத் தாங்கிக்கொள்ள ஒருவர் முன்னுக்கு வருகிற பாதியைப் பெரியவர்கள் தங்களோடு வைத்துக்கொண்டார்கள். பத்து வயசுப் பிள்ளைகள் தங்களுக்குள் சின்னய்யாவை எங்கே தேடுவார்கள்?

"நான் போறேன்டி" என்றேன். "அந்தக் கட்டில்ல முதல்ல நான் படுக்கிறேன்."

அவள் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. அவள் பவானியாயிற்றே. "ஊசி குத்திக்காதவங்களுக்கு அங்க பாடு கிடையாது."

"குத்திக்கிறேன்."

"உம் புள்ளைங்க கரை சேந்துட்டாங்களா?"

"ஒரே பொண்ணு. கல்யாணம் ஆயிடுச்சு, பேரனும் பொறந்தாச்சு."

"கூப்ட்டா எப்பவும் கீறேன்னு சொல்லணும். ரிட்டயர் ஆனாலும் சொல்லணும்."

"சொல்றேன்" என்றேன். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன். ஆனால் அவள் கண்ணைப் பார்த்துப் பொய்யாகச் சொல்ல முடியவில்லை, அதனால் அது நிஜமாகவே ஒரு வாக்காகிவிட்டது. அவள் எழுந்து பாவாடையில் மணலைத் தட்டினாள். நிற்கும்போதே கால் தடுமாறியது. அப்பா தூக்கிக்கொண்டார்.

அன்று அவளோடு வார்டுக்குள் நுழைந்ததும் டாக்டரிடம் போய், கட்டிலை ஸ்டோரிலிருந்து எடுத்துவரச் சொன்னேன். எதற்கு என்றும் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சிஸ்டர், நீங்க இதையெல்லாம் நம்புறீங்களா?"

"நான் நம்புறேனான்னு அப்புறம் பேசலாம் சார். அந்தப் பிள்ளை உதட்டைப் பாருங்க. அவளுக்கு இப்ப ரத்தம் ஏறணும். அவளாக் கையை நீட்டணும்."

"பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தா நான் என்ன சொல்றது?"

"சிஸ்டருக்கு மயக்கம், டிரிப் போட்டிருக்கேன்னு சொல்லுங்க. பொய்யும் இல்ல, காலையில குடிச்ச காபியோட நிக்கிறேன்."

நல்ல பிள்ளை என்றேனே. ஒரு நிமிஷம் பவானியைப் பார்த்தார். பிறகு தானே போய் ஆளைக் கூட்டிவந்து கட்டிலைப் போடவைத்தார். கால்கள் அந்த நாலு கறுப்பு வட்டத்தில் சரியாக உட்கார்ந்தன.

நான் ஏறிப் படுத்தேன். பவானி வாசலில் நிற்க முடியாமல் அப்பா தோளில் சாய்ந்துகொண்டு, "சிஸ்டரம்மா, கீறியா?" என்றாள். மற்ற நோயாளிப் பிள்ளைகள்கூட எட்டிப் பார்த்தார்கள். "கீறேன்" என்றேன். டாக்டர் என் கையில் ஊசியை ஏற்றினார். இத்தனை வருஷம் நான் குத்திய ஊசி, அது எப்படி வலிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எறும்பு கடிக்கிற மாதிரியெல்லாம் இல்லை. பவானி அதைக் கண் கொட்டாமல் பார்த்தாள். பிறகு பக்கத்துக் கட்டிலில் படுத்துத் தன் கையை நீட்டினாள்.

அவள் இதயம் தாங்க வேண்டும் என்பதால் ரத்தத்தைச் சொட்டுச் சொட்டாகத்தான் விட்டார்கள். அது முடியும்வரை நான் எழுந்திருக்கக்கூடாது என்பது பாடு முறை. நடுவில் கரண்ட் போய் மின்விசிறி நின்றது. வார்டே கப்சிப். நான் கண்ணயர்ந்திருக்க வேண்டும். இடுப்பில் கட்டில் சட்டம் குத்தியதால் விழித்தேன்.

என் உடம்பு உங்களுக்குத் தெரியும். அந்தக் கட்டில் முழுவதுமே எனக்குப் போதாது. ஆனால் நான் வெளிப்பக்க ஓரத்தில், இன்னும் ஒரு விரற்கடை நகர்ந்தால் விழுந்துவிடுவேன் என்கிற மாதிரி ஒடுங்கிப் படுத்திருந்தேன். ஜன்னல் பக்கத்தில் பாதிக் கட்டில் காலியாகக் கிடந்தது. ஊசி இல்லாத கையை மெல்ல நீட்டி அந்த விரிப்பைத் தொட்டேன். கதகதவென்று இருந்தது. வெயில் விழுந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் நாங்கள் வார்டுக்குள் வந்ததிலிருந்தே வானம் மேகம் மூடிக் கிடந்தது.

கையை நான் எடுக்கவில்லை. ஏன் என்று தெரியாது. அங்கேயே வைத்திருந்தேன். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். பயத்தில் இல்லை.

ராத்திரி பவானியின் உதட்டில் நிறம் வந்தது. "பசிக்குது" என்றாள். அதைவிட நல்ல சொல்லை நம் வேலையில் நீங்கள் கேட்கப்போவதில்லை. அடுத்த ரத்த நாளில் அவளே முதல் ஆளாக வந்து என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். நான் "கீறேன்" என்றதும் ஜன்னலோரக் கட்டிலில் ஏறிப் படுத்து, அணிலுக்குப் பிஸ்கட் போட்டாள். தரையைச் சுற்றி நடப்பதெல்லாம் அன்றோடு நின்றது.

இப்போது பவானி பொன்னேரியில் கல்லூரிக்குப் போகிறாள். ரத்தத்துக்குப் பெரியவர்கள் வார்டுக்குப் போகிறாள். பேர் கூப்பிடுகிற வேலையைத் தருணிடம் ஒப்படைத்துவிட்டாள். ஆமாம், அந்தப் பொடியன்தான். உங்களை ரத்த நாளில் காத்திருக்கவைத்து எனக்குப் போன் போடுகிற பையன் அவன்தான். அவனைத் திட்டாதீர்கள். அவன் போன் வரும் என்று நான் குளிக்கப் போனாலும் போனை எடுத்துக்கொண்டுதான் போகிறேன். மகள் கேலி செய்கிறாள், செய்யட்டும். சில நாள் போன் வருவதற்கு முன்னாலேயே, அரிசி களைந்துகொண்டிருக்கும்போது, என் வாய் தானாக "கீறேன்" என்கிறது. மணியைப் பார்த்தால் அவர்கள் பேர் கூப்பிடும் நேரம்.

போன மாதம் எனக்கு நெஞ்சில் ஒரு சின்ன அடைப்பு என்று சொல்லியிருக்கிறார்கள். பெரிதாக ஒன்றுமில்லை, மாத்திரை போடுகிறேன். ஆனால் ஒருநாள் தருண் கூப்பிட்டு நான் எடுக்காமல் போகலாம். அன்றைக்கு நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

பிள்ளைகளிடம் எதையும் மறைக்காதீர்கள். கட்டிலை எடுக்காதீர்கள். ஒரு சுற்று காலியாக விடுங்கள், பேர் கூப்பிட்டுவிட்டு அவர்கள் காத்திருந்தால் நீங்களும் கூடக் காத்திருங்கள். அந்தச் சுற்று முடிந்ததும், உங்களில் ஒருத்தி முன்னுக்கு வந்து கையை நீட்டுங்கள். பிள்ளை குட்டி கரை சேர்ந்தவள்தான் வர வேண்டும் என்கிற விதிக்கு நான் தருணிடம் பேசி விலக்கு வாங்கி வைத்திருக்கிறேன். துணிந்தவளாக இருந்தால் போதுமாம்.

படுக்கும்போது வெளிப்பக்கமாக ஒதுங்கிப் படுங்கள். ஜன்னல் பக்கம் இடம் கொஞ்சம் அதிகமாகவே விடுங்கள். என் உடம்புதான் உங்களுக்குத் தெரியுமே, ஸ்டெல்லாவோடு நானும் படுக்க வேண்டும்.